ஆளில்லாத பக்கம்

17-3-1996, ஞாயிறு

காலையில் வீடு கட்டுகிறவர்களோடு ஆனைகட்டி மலைச்சரிவுக்குப் போயிருந்தேன். கணபதிப் பக்கம் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி நடத்துகிறவரும் அவர் மனைவியும் சனி, ஞாயிறு வந்து தங்க அங்கே வீடு கட்டுகிறார்கள். பிளான் என்னுடையது. குளியலறைக்கு மலையைப் பார்த்தபடி முழுக் கண்ணாடிச் சுவர். அந்த அம்மாவுக்குக் கூச்சம்.

"ஏனுங்க, வெளிய இருந்து பார்த்தா தெரியாதுங்களா?"

"அந்தப் பக்கம் ஆளே கிடையாதுங்க. வெறும் மலைதானுங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை. கீழே ஒற்றையடிப் பாதையில் மூன்று பெண்கள் விறகுக்கட்டோடு நின்றிருந்தார்கள். நான் சொன்னது காதில் விழுந்திருக்கும். முன்னால் நின்றவள் சுமையை இறக்காமலே கேட்டாள்.

"சார், நாங்க இப்படியே போலாங்களா?"

"ம், போங்க" என்றேன். என்னவோ என் பாட்டன் போட்ட பாதை மாதிரி.

பாதை இருப்பது தெரியாமல் இல்லை. சர்வே படத்தில் புள்ளிக்கோடாக இருக்கிறது. தெர்மகோல் மாடல் செய்தபோது அதன்மேல் ஸ்பாஞ்சு மரங்களை வரிசையாக ஒட்டி மறைத்ததே நான்தான். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

ஃபவுண்டரிக்காரர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதையையும் உள்ள சேர்த்து வேலி போட்டுரலாமுங்க. அப்பறம் ஆரும் வரமாட்டாங்க. எங்கிருந்து போடலாம்?"

கண்ணாடியை வேறு பக்கம் திருப்பலாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் விரலை நீட்டி வேலிக்கு இடம் காட்டினேன்.

அந்தப் பெண்கள் அப்போதும் அந்தப் பாதையில்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.