தப்பைப் பார்த்துச் சிரிக்காத பெட்டி

சென்னை
ஆகஸ்ட் 1989

அன்புள்ள அப்பாவுக்கு,

ஈவா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். திருச்சுழியில் மழை விழுந்ததா? அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

படிப்பை விட்டுவிட்டு வருவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். வகுப்பில் தப்பான ஆங்கிலத்தில் பதில் சொல்லி எல்லாரும் சிரித்ததிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. நேற்று முதன்முதலாக, செருப்பைக் கழற்றச் சொல்லிக் கம்ப்யூட்டர் அறைக்குள் விட்டார்கள். நான் தப்புத் தப்பாகவே தட்டினேன். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ஒவ்வொரு முறையும் தப்பான வரியை மட்டும் காட்டிவிட்டுக் காத்திருந்தது. இந்த ஊரில் யாரும் எனக்காக இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை, அப்பா. கடைசியில் விடை பச்சை எழுத்தில் வந்தபோது எழுந்திருக்க மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்டி, பெட்டிக்கு முன்னால ஜெபமா பண்ணுற? எந்திரி, ஆளுக நிக்கிதுல்ல!" என்றாள் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பாளையம்பட்டி ஷெரின்.

படிப்பை முடித்துவிட்டே வருகிறேன். அந்த அறையில் குளிர் அதிகம். அம்மா உடுத்திய சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
ஈவா