விட்டுப்போன கழுகு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருப்பதாகத் தம்பி டிக்சன் சொன்னான்.

நீங்கள் முப்பது வருஷம் கல்லூரியில் பாடமாக நடத்திய அந்த ஆங்கில நாடகத்தை இன்று என் வகுப்பில் நடத்தி முடித்தேன். பெற்ற மகள்களையே ஓநாய், பாம்பு, கழுகு என்று ஏசுகிற கிழட்டு அரசனின் கதை.

நீங்கள் வேண்டாம் என்ற தருவைகுளத்துக்காரரைத்தான் கட்டுவேன் என்று நான் சொன்ன அன்று, நீங்களும் அந்த அரசனைப் போலவே ஏசினீர்கள். "ஏளா, நீ ஓநாய்! பாம்பு!"

நான் வாசலில் நின்று, "கழுக விட்டுட்டியளே, அப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். உங்களிடமே பாடம் படித்த திமிர். நான்கு வருஷமாக அந்த ஒரு பேச்சு என்னைக் குத்துகிறது.

கடைசி அங்கத்தில் அரசன், தான் விரட்டிய மகளிடமே, நாம் கூண்டுப் பறவைகள் போலப் பாடிக்கொண்டிருப்போம் என்கிறான் அல்லவா? ஒரு மாணவி எழுந்து, "இவ்வளவு ஏசுனவரு எப்படி மிஸ் மாறுனாரு?" என்றாள்.

எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. நேற்றுத்தான் டிக்சன் வாய்தவறிச் சொன்னான்: "குடும்ப ஜெபத்துல அப்பா தெனமும் மொதல்ல ஒம் பேரத்தான் சொல்லுதாவ. அடுத்தது அத்தான் பேரு."

அவர் பெயருமா, அப்பா? நான்கு வருஷமுமா?

நன்றி அப்பா. சனிக்கிழமை ஜெப நேரத்துக்கு மூன்று பேருமாக வருகிறோம். மூன்றாவது ஆள் பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பெயர் யோசிக்கவில்லை, ஜெபத்தில் நீங்கள் சொல்லுகிற பெயர்தான்.

இப்படிக்கு,
நீங்கள் விட்டுவிட்ட கழுகு