ஏலாது என்று எழுதினேன்

12 ஜூன் 2025, வியாழன்

இரண்டாம் கிரேன் மறுபடி நின்றது. துறைமுகப் பணிமனையின் மின் பிரிவில் ஆறு பேர் இருந்தோம். இப்போது மூவர்: நான், ஜக்சன், எங்களுக்கு அண்ணன்போன்ற றுமைஸ் நானா. ஐம்பது அடி மேலே ஏறுவது எப்போதும் அவர்தான். இந்த வெயிலிலும் தோல் கையுறை போட்டிருந்தார்.

"என்ன நானா, மாப்பிள்ளைக் கோலமோ?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. தேநீருக்குக் கழற்றியபோதுதான் பார்த்தேன். கை நடுங்கி, கோப்பை தட்டத்தில் கிடந்து அடித்தது.

"நாலு மாசமா நித்திர இல்ல, தங்கச்சி. கண்ண மூடினா போன் அடிக்கிற மாதிரி. ஆருக்கும் சொல்லிராதீங்க."

16 ஜூன், திங்கள்

முகாமையாளர் இரத்தினசிங்கம் சேர் கூட்டம் வைத்தார். கொழும்புத் தலைமையகம் மன அழுத்தம் பற்றி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது.

"மனந்திறந்து எழுதுங்கோ, பிள்ளையள். பேர் எழுதத் தேவையில்லை. உங்களுக்காகத்தானே நான் இந்தக் கதிரையில இருக்கிறன்."

ஜக்சன் எல்லாவற்றுக்கும் "நன்று" என்று அடையாளமிட்டு இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிட்டான். "இருக்கிறதே மூண்டு பேர். உன்ர கோழிக் கிறுக்கல் எழுத்து அவருக்குத் தெரியாதோ, ஜெனிதா?"

பயந்தாங்கொள்ளி என்றேன்.

17 ஜூன்

ஒரு பக்கம் எழுதினேன். ஆறு பேரின் வேலையை மூவர் செய்ய முடியாது, ஆள் எடுங்கள். லீவு நாளில் சேர் போன் எடுத்து ஏசுவதை நிறுத்துங்கள். றுமைஸ் நானாவுக்கு ஏலாது, கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள்.

நானாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். நல்லதுதானே செய்கிறேன்?

2 ஜூலை, புதன்

நானாவை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு இல்லை. மாற்றல் கடிதத்தை நானா என் முன்னால் விரித்தார். 'உயரத்தில் பணிபுரியத் தகுதியற்றவர் எனச் சக ஊழியர் எழுத்தில் அறிவித்துள்ளார்.'

பதினேழு வருடம் கிரேனில் ஏறிய மனிதர்.

"ஒங்களுக்கு மட்டும்தான் நான் சொன்ன, மிஸ்."

மிஸ்.

3 ஜூலை

சேரின் அறைக்குப் போனேன். நான் ஓய்வு கேட்டுத்தான் எழுதினேன் என்றேன்.

"ஏலாது எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள், பிள்ளை? அதைத்தான் இங்கிலீசில போட்டு அனுப்பினனான்."

மனிதர் இந்தப் பக்கத்துத் திரியாய் ஊர் ஆள். அவர் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வந்தால் என்ன சொல்வார்கள்? சுகமில்லை என்பதற்கு, அவனுக்கு ஏலாது என்றுதானே? அதற்காகக் கடிதம் கொடுத்துத் தூக்கிவிடுவார்களா? அவருக்குத் தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் —

ஆள் எடுக்கச் சொன்னதும் போனும் என்னாயிற்று என்று கேட்டேன். "அதெல்லாம் மேலிடத்து விசயம்." ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் கொழும்புக்குப் போயிருக்கிறது. ஆள் கேட்டால் அவர் பெயர் கெடும். ஒருவரை நகர்த்தினால் பைலை மூடலாம்.

யார் உடையப்போகிறார்கள் என்று உளவு பார்க்கத்தான் படிவமா? அப்படியென்றால் உளவு சொன்னது நான்.

4 ஜூலை

மன்னிப்புக் கேட்க ஸ்டோருக்குப் போனேன். இரண்டு பல்பு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

21 ஜூலை, திங்கள்

இனிக் கிரேனில் ஏறுவது நான்தானாம். "பொம்பிளைப் பிள்ளையளுக்கும் இடம் குடுக்கிறம்" என்று பணிமனையில் எல்லோருக்கும் முன்னால் சேர் சொன்னார். கை தட்டினார்கள். ஜக்சன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நேற்று மாதா கோயில் பூசையில் மூன்று தரம் போன் அதிர்ந்தது. மூன்றும் அவர்தான். நற்கருணை வாங்காமலே வெளியே வந்தேன்.

6 ஆகஸ்ட், புதன்

போன கிழமை இரண்டாவது படிவம் வந்தது. எல்லாவற்றுக்கும் "நன்று" என்று அடையாளமிட்டேன். இரண்டு நிமிடம். இன்று அறிவித்தல் பலகையில் சேரின் கையொப்பத்தோடு ஒரு தாள்: மின் பிரிவில் மன அழுத்தம் முற்றாக நீங்கியுள்ளது.

அதற்குக் கீழே நின்று வாசித்துவிட்டு ஸ்டோருக்குப் போனேன். கையுறை வேண்டும் என்றேன். நானா என் முகத்தைப் பார்க்கவில்லை; கையைப் பார்த்தார். எடுத்த துணிச் சோடியைத் திரும்ப வைத்துவிட்டுத் தோல் சோடியைத் தந்தார்.

"இது தடிப்பு, மிஸ். நடுங்கிறது வெளிய தெரியா."