கம்பிக்கும் அம்மாவுக்கும் நடுவில்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன். நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குவதுதான் முறை. அந்த வரியை மூன்று தாள்களில் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டேன். இது நாலாவது தாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கலாமா வேண்டாமா என்று நீ யோசித்திருப்பாய். பிரித்துவிட்டாய் அல்லவா, முழுக்கப் படித்துவிடு. உனக்குக் கோபம் வருகிற இடங்கள் நடுவில் இருக்கும், எழுதுகிற எனக்கே வருகிறது, ஆனாலும் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ போன பிறகு இந்த வீடு எப்படி நடக்கிறது என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளிநாட்டில் காற்றாலைக் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கப் போகிறாய் என்பது எனக்கு டாக்சி வாசலில் வந்து நின்ற காலையில்தான் தெரிந்தது. அவளுக்கு நாலு மாதம் முன்பே தெரியும். உன் பாஸ்போர்ட்டை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதை நான் மறக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் பொய்யும் எழுத மாட்டேன். என்னிடம் பௌதிகம் படித்தவன் எனக்கே துறைத்தலைவனாக வந்து உட்கார்ந்த வருஷம் அது, வெளியே ஒருவன் ஏமாற்றினான், வீட்டில் இரண்டு பேர் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து உன் அம்மாவோடு நேருக்கு நேர் பேசவில்லை. எல்லாம் ஜாடைதான். நாளைக்குத் தண்ணீர் வராதாம் என்று நான் சமையலறைச் சுவருக்குச் சொல்வேன், தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும் என்று அவள் அடுப்புக்குச் சொல்வாள். தபாலோ மருந்தோ எது வந்தாலும் பிரிட்ஜின் மேல் வைப்போம், இடது பக்கம் அவளுடையது, வலது பக்கம் என்னுடையது, ஒருவர் பக்கத்தை ஒருவர் தொடுவதில்லை. உன் மாமா வந்தால் இதைப் பார்த்துவிட்டு, அத்தான், உங்க வீட்டுச் சுவருக்கு மட்டும் வாய் இருந்தா அதுவே விவாகரத்துக் கேட்டிருக்கும் என்பார். அவர் பேச்சு உனக்குத் தெரியாததா. அவரையும் நான் மன்னிக்கவில்லை, அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா காரோடு வந்து நின்றார். அவர் கம்பெனியில் குடும்பத்தோடு தீம் பார்க் போய்வர இலவச அனுமதி கொடுத்தார்களாம், அவருக்கும் அவர் மகளுக்கும் போக இரண்டு இடம் மீதி இருக்கிறதாம். நான் பேப்பரை இறக்கவில்லை. அம்மா அதற்குள் பையோடு வந்து செருப்புப் போட்டுக்கொண்டே கதவிடம், வர்றவங்க வரலாம், வராதவங்க சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கலாம் என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் ராட்டினம் ஏறப் போகிறாளா என்று எனக்கு ஆத்திரம், ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்ய, போனேன். வழியெல்லாம் மாமாவின் மகள், எட்டு வயது வாலு, எந்த ராட்டினத்தில் முதலில் ஏறுவது என்று அம்மாவோடு திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். பின் சீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவளுக்கு என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன், இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர் விளையாட்டுகள். அங்கே அவர்களே ஒரு நைலான் உடுப்பு கொடுக்கிறார்கள், சொந்தத் துணியையும் செருப்பையும் லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை ஒரு ரப்பர் வளையத்தில் மாட்டி மணிக்கட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் நாலு பேர் துணிக்கும் ஒரே லாக்கர், சாவி அம்மா கையில். குழாய்க்குள் வளைந்து வளைந்து இறங்கும் சறுக்கில் அவளும் வாலுவும் ஐந்து முறை போனார்கள். ரப்பர் மிதவையில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிக் கீழே விழும் ஒன்றில் மாமா மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே, அத்தான், இது என்ன விசையினு விளக்குங்க, சாகிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறேன் என்றார். செயற்கை அலை அடிக்கும் பெரிய குளத்தில் சாவி போய்விட்டது. அத்தனை பேர் காலுக்கடியில் அந்த வளையத்தை எங்கே தேடுவது. ஈர உடுப்போடு ஒன்றரை மணி நேரம் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்று, லாக்கருக்குள் இருப்பவை எங்களுடையவைதான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நிரூபித்தோம். அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி நான் மாமாவைப் பார்த்து, ஒரு சாவியைக்கூடப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவங்க பாஸ்போர்ட்டை மட்டும் நல்லாப் பத்திரப்படுத்துவாங்க என்றேன். அம்மா வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். வளையம் எப்படிக் கழன்றது என்று கேட்கும் அறிவு எனக்கு அப்போது வரவில்லை. மாணவர்களுக்கு முப்பது வருஷம் உராய்வு விசை நடத்தியவன் நான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ரோலர் கோஸ்டர். வரிசையில் ஒரு மணி நேரம். பெட்டிக்கு இரண்டு பேராக உட்கார வைக்கிறார்கள். வாலு அவள் அப்பாவோடு ஓடி முன் பெட்டியில் ஏறிக்கொண்டாள், மிச்சம் நானும் உன் அம்மாவும். வேறு பெட்டியைத் தேடினேன், தொப்பி போட்ட ஒரு பெண் வரிசையை நகர்த்திக்கொண்டு, ஜோடியா ஏறுங்க ஐயா, நிக்காதீங்க என்றாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இரும்புக் கம்பி, மடிமேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அது இறங்கி என் வயிற்றில் முட்டி நின்றுவிட்டது. அந்தப் பெண் ஒவ்வொரு பெட்டியாகக் கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்களிடம் வந்து இழுத்தாள், பிறகு குனிந்து அம்மா பக்கம் பார்த்தாள், தன் இரண்டு கை முஷ்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பிக்கும் அம்மாவின் மடிக்கும் நடுவில் வைத்தாள். இரண்டும் தாராளமாக உள்ளே போயின. அம்மா, உங்க எடை எவ்வளவு என்று கேட்டாள். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, முப்பத்தொன்பது என்றாள்.

நீ இங்கே இருந்தபோது அவள் ஐம்பத்தெட்டு கிலோ. உன் உடம்பு வளர்த்தி அவள் வழி என்று சொல்லிக் கேலி செய்வாயே. வீட்டில் அவள் எப்போதும் தொளதொளவென்றுதான் உடுத்துவாள், நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள், பாத்திரத்தில் சாப்பாடு அப்படியே மிஞ்சியிருப்பது தெரியும். கோபத்தில் பட்டினி கிடக்கிறாள், கிடக்கட்டும், பசி வந்தால் தானாகச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் உனக்குத் தெரியாமல் போகும்.

ஐயா, நீங்க இறங்கிக்குங்க, கம்பி உங்களாலதான் நிக்குது, அம்மாவோட அந்தச் சின்னப் பொண்ணை உட்கார வைக்கிறேன் என்றாள் தொப்பிக்காரி. நான் இறங்கினேன். வாலு தாவி வந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். கம்பி அவர்கள் இரண்டு பேர் மடியிலும் சரியாக இறங்கிப் பூட்டியது. எட்டு வயதுக் குழந்தையும் உன் அம்மாவும் ஒரே அளவு. மாமாவோடு என்னை ஏறச் சொன்னார்கள், நான் ஏறவில்லை. வெளியே வரும் வழியில் கைப்பிடி ஓரம் நின்று பார்த்தேன். வண்டி சங்கிலியில் கடகடவென்று மேலே போகப் போக அவள் தலை மட்டும் தெரிந்தது. அந்த உயரம், வேகம், வளைவின் ஆரம் எல்லாவற்றையும் என்னால் மனக்கணக்காகப் போட முடியும், போட்டும் பார்த்தேன், பயம் குறையவில்லை. உச்சியில் ஒரு கணம் நின்றது. அங்கே அவள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். பிறகு விழுந்தது. மற்ற எல்லாரும் கத்தினார்கள், அவள் கத்தினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்தபோது தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போய், எத்தனை நாளா இப்படி என்று கேட்டேன். பதினான்கு மாதத்தில் அவள் முகத்தைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி. அவள் மூச்சு வாங்கி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"சுவரைக் கேளுங்க."

மாமாதான் காரில் வரும்போது உடைத்தார். ஒரு மாதத்துக்கு முன் அவர்தான் அவளை அழைத்துப்போய் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வைத்தாராம். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். உனக்கு என்ன ஆசை அக்கா என்று கேட்டதற்கு, உயரத்திலிருந்து விழுற அந்த வண்டியில ஒரு தடவை ஏறணும், என் பிள்ளை தினமும் மேலே நிக்கிறான், எப்படி இருக்கும்னு பார்க்கணும் என்றாளாம். இந்த உடம்போடு அவளை அங்கே கூட்டிப்போனவரை நான் எப்படி மன்னிப்பது. வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜின் மேல் இடது பக்கம் கை வைத்தேன். பரிசோதனைக் கூடத்தின் உறை அங்கே பதினேழு நாளாக இருந்தது. கூரியர்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதே நான்தான். வாங்கி, அவள் பக்கம் வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் நகர்ந்தேன். அவளும் பிரிக்கவில்லை, உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நான்தான் பிரித்தேன். இரைப்பையில் கட்டி. மறுநாளே அறுவை சிகிச்சை டாக்டரம்மாவிடம் போனோம். மூன்று வாரத்துக்குள் எடுத்துவிட்டால் வழி இருக்கிறது, தள்ளிப்போட்டால் கத்தி எட்டாத இடத்துக்குப் போய்விடும் என்று ஒளிக்காமல் சொன்னார். அடுத்த மாதம் நாலாம் தேதி நாள் ஒதுக்கியிருக்கிறார். சம்மதப் படிவத்தில் உன் அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். அன்றைக்கே டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார், அடுத்த நாள் மாமா வந்து அழுதே பார்த்தார், நான் இந்த நாலு நாளாக, சொல்ல வெட்கமாக இருக்கிறது, காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவள் ஒரே பிடியாக நிற்கிறாள். பிள்ளை வந்த பிறகுதான் மேஜையில் படுப்பாளாம். அப்படியானால் இப்போதே விஷயத்தைச் சொல்லி வரவழைக்கிறேன் என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என் வயித்தைக் காட்டி அவனைக் கூப்பிடக் கூடாது. அவன் உங்களுக்கு வேணும்னா உங்களுக்காகக் கூப்பிடுங்க. இல்லேன்னா விட்டுடுங்க, நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

உன்னிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அதனால்தான் அந்த மூன்று தாளும். நோயைச் சொல்லாமல் எழுதிப் பார்த்தேன். முதல் தாளில் உன்னை வரச் சொல்வதற்கு முன் பாஸ்போர்ட் வந்துவிட்டது, இரண்டாவதில் நீ விட்டுப்போன படிப்பு, மூன்றாவதில் டாக்சி ஹார்ன் அடித்தபோது நான் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு நீதான் காரணம் என்று ஒரு பக்கம். வா என்ற ஒரு சொல்லை எழுதுவதற்குள் ஆயிரம் பழி வந்து முன்னால் நிற்கிறது. அப்படி ஒரு கடிதம் கிடைத்தால் நீ வர மாட்டாய், நானே வர மாட்டேன். நாள் போய்க்கொண்டிருக்கிறது, கூரியரில் போட்டாலும் கடிதம் உன் கைக்கு வரவே நாலு நாள் ஆகுமாம். அதனால் சத்தியத்தை மீறிவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். உன் போன் எண் அவளிடமும் மாமாவிடமும்தான் இருக்கிறது, கேட்டால் எதற்கு என்பார்கள், உன் முகவரியைப் பழைய பார்சல் சீட்டிலிருந்து எடுத்தேன். இதை வீட்டில் எழுதவில்லை, கல்லூரியில் ஆய்வுக்கூடத்தின் கடைசி மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இத்தனையையும் கொட்டிய பிறகு ஒன்று தெரிகிறது. அவளுக்கு ஒன்றும் இல்லை என்றாலும் உன்னை வரச் சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு மாதமாக அங்கே காற்று பலமாக அடித்தது என்று செய்தியில் ஒரு வரி வந்தால் பேப்பரைக் கீழே வைத்துவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் போகவில்லை, போகும் வரைக்கும் காத்திருக்க நேரமும் இல்லை. கோபத்தோடேயே கேட்கிறேன், வந்துவிடு. என்னோடு பேச வேண்டும் என்றுகூட இல்லை, வீட்டுக்குள் வந்து நடமாடு, போதும்.

வேலையிடத்தில் லீவு கேட்கும்போது சண்டை போட்டுவிடாதே, நீ என் பிள்ளை, போடுவாய். டிக்கெட் எடுத்ததும் என் எண்ணுக்கே கூப்பிடு, பழைய எண்தான், மாமாவுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. மூன்றாம் தேதிக்குள் வந்து சேர்ந்தால் போதும், இரண்டாம் தேதி என்றால் என் உயிர் கொஞ்சம் நிற்கும். நீ எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் அண்டாமல் நீண்ட ஆயுளோடு இரு, என் வாயால் வந்த வசவு எதுவும் உன்மேல் பலிக்காமல் போகட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வந்து நின்றதும் உன் அம்மா யார் கூப்பிட்டு வந்தாய் என்று கேட்பாள். அப்பா கூப்பிட்டார் என்று சொல். எதற்காம் என்பாள். அவருக்கு நான் வேணுமாம் என்று சொல். உன்னைப் பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைக்காதே.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா