மெழுகில் ஒரு சிரிப்பு

என் செல்லத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் அடித்தால் நீ அதை அடிக்க விட்டுவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது, என்றைக்காவது பிரித்துத்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன்.

நாங்கள் இங்கே நலம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி, அதுவும் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வருகிற வலி. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. நேரில் வந்தால் நீயே கேட்பாய்.

உன் மகன் நேற்றுப் பேசினான். "அம்மா பேசுறாங்க பெரியம்மா, ஆனா கேட்டதுக்குப் பதில் மட்டும்தான். தானா ஒரு வார்த்தை கிடையாது" என்றான். உன் வீட்டுக்காரர் தவறிப்போனதிலிருந்து இப்படித்தான் என்பது எனக்கும் தெரியும்.

என் பல் கதைக்கு வருகிறேன். கீழ்ப் பல்செட் என்னை எப்படிப் பாடாய்ப் படுத்தியது என்பதை நீ அறிவாய். பல் இல்லாத தாடை வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே போக, செட் கரையில் கட்டாத படகு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பள்ளியிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கப் போவேன் அல்லவா? ஒருநாள் ராட்சசன் உறுமுகிற இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே உறுமிவிட்டேன். செட் பாய்ந்து முன் வரிசையில் விழுந்தது. ஒரு சின்னப் பெண் அதை இரண்டு கையாலும் எடுத்து, "டீச்சர், உங்க வாய் கீழ விழுந்துடுச்சு" என்று மிகுந்த மரியாதையோடு நீட்டினாள். அன்றைக்கே பல் டாக்டரிடம் போனேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தாடையின் முன்பக்கத்தில் போதிய எலும்பு இருக்கிறது, அங்கே இரண்டு டைட்டானியம் திருகு வைக்கலாம் என்றார் டாக்டர். அவற்றின் தலையில் பல்செட் பிரஸ் பட்டன் மாதிரி 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். இரவில் கழற்றிக் கழுவலாம், பேசும்போது மானம் கப்பல் ஏறாது. கழற்றவே வேண்டாத வகையும் உண்டாம். அதற்கு இன்னும் அதிகத் திருகு வேண்டும் என்றார். எனக்கு இதுவே போதும் என்றேன்.

திருகு வைத்த அன்று வாய் மரத்துப் போய்க் கிடந்தேன். துளைக்கிற சத்தம் என் வாயிலிருந்து வரவில்லை, ஏதோ தூரத்துத் தெருவில் யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று தோன்றியது. யாருக்கோ நல்ல வீடாக அமையட்டும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

பிறகு பல மாதக் காத்திருப்பு. எலும்பு மெல்ல வளர்ந்து திருகைப் பற்றிக்கொள்ள வேண்டுமாம். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய வேண்டாம் டீச்சர். அவசரப்படுத்தாம இருந்தா போதும்" என்றார். வருட நடுவில் வகுப்பில் வந்து சேருகிற பிள்ளையை நினைத்துக்கொண்டேன். கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பார்த்தால் நடு பெஞ்சில் இருந்து வாயாடிக்கொண்டிருப்பாள். எந்த நாள் அவள் நம்மவள் ஆனாள் என்று யாராலும் சொல்ல முடியாது. சரி, உதாரணம் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்பாய். நிறுத்திவிட்டேன்.

அந்த மாதங்களில் கஞ்சியும் மசித்த காயும்தான். பகலிலேயே கண் சொக்கும். கண்ணை மூடினால் ஒரே கனவு. நாம் இருந்த பழைய வாடகை வீடு, ஆனால் அறைகள் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல வெளிச்சம். பக்கத்து அறையில் யாரோ சிரிக்கிறார்கள். சமையலறையிலிருந்து அம்மா, "எவடி அது சிரிச்சது?" என்கிறாள். நம் இருவர் சிரிப்பும் ஒன்றுபோல இருந்ததால் அவளுக்கு என்றைக்குமே தெரியாது. நாம் இருவரும் சேர்ந்து "அவதான்" என்போமே. கனவில் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், யாருமே பதில் சொல்வதில்லை.

திருகு நன்றாகப் பிடித்துக்கொண்டது. மேல் செட்டும் தேய்ந்துவிட்டதால் இரண்டையும் புதிதாகச் செய்கிறார்கள். போன வாரம் பற்களை மெழுகில் பதித்து வாயில் வைத்துக் காட்டினார்கள். பிடிக்காவிட்டால் இந்தக் கட்டத்தில் மாற்றலாமாம். கண்ணாடியில் பார்த்தேன். வரிசை பிசகாத வெள்ளைப் பல். உன் அத்தான் எழுந்து நின்று, "யாரும்மா நீங்க? எங்க வீட்டம்மா உள்ள போனாங்க, பார்த்தீங்களா?" என்றார்.

இது என் சிரிப்பே இல்லை என்றேன். டாக்டருக்குச் செட் செய்து தருகிற, பல் கட்டுகிறவர் கோபித்துக்கொள்ளவில்லை. "டீச்சர், நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே, நான் என்ன பண்றது? பல் தெரியிற மாதிரி ஒரு படம் கொடுங்க, அப்படியே வச்சுத் தர்றேன்" என்றார்.

வீட்டில் இருக்கிற எல்லாப் படத்தையும் பரப்பினோம். வருடா வருடம் வகுப்புப் படம், எல்லாவற்றிலும் வாயை இறுக மூடிக்கொண்டு நான். சிரித்தால் பிள்ளைகள் தலையில் ஏறிக்கொள்வார்கள் என்று பயம். பொய்ப் பல் வந்த பிறகோ, சிரிப்பு வந்தால் வாயை மூடக் கை முந்திக்கொள்ளும். கடைசியில் உன் அத்தான்தான், "இவ சிரிச்சா அசல் தங்கச்சி மாதிரியே இருப்பா" என்றார். உண்மைதானே. ஒரு முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து ஏதோ ரகசியம் சொல்வது போல் இருக்குமே, அது எனக்கும் இருந்தது. இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

நீ சிரிக்கிற பழைய படங்கள் என்னிடம் நிறையவே இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் நீ பக்கத்தில் நிற்கிற அவரைப் பார்த்துச் சிரிக்கிறாய். அதிலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

அதனால் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் மகனை எடுக்கச் சொல். சிரிப்பு வரவில்லை என்றால் நூலகத்தில் என் வாய் கீழே விழுந்ததை நினைத்துக்கொள். அப்போதும் வரவில்லை என்றால் வருத்தப்படாதே, இன்னொரு நாள் எடுக்கலாம். பல் கட்டுகிறவரிடம் தாமதமாகலாம் என்று சொல்லிவிட்டேன். மெழுகுதானே டீச்சர், எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும் என்றார்.

நானும் காத்திருப்பேன். வேளைக்குச் சாப்பிடு. ஜன்னலைத் திறந்து வை. அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நம்மில் யாராவது ஒருத்தி "அவதான்" என்று சொல்ல வேண்டாமா?

என்றும் உன்
அக்கா