அட்டைக்கு வெளியே நீண்ட கை

குட்டிம்மா,

சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. கிளம்பும்போது சாவியை மாடி அத்தையிடம் கொடு.

நேற்று உன்னைத் திட்டியிருக்கக் கூடாது. டீச்சர் காகிதம் வெட்டி ஒட்டிச் செய்யச் சொன்ன லீவுப் படத்தில், தையல் மிஷின் முன்னால் இருந்த அம்மாவின் கை அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரி பிடித்தே பழகின கை சும்மா இருக்குமா? நறுக்கிவிட்டேன். "போம்மா, நீதான் வரவே மாட்டியே!" என்று நீ அழுதது அப்போது புரியவில்லை.

நீயும் அப்பாவும் மட்டும் போன கடலை இன்னொரு அட்டையில் செய்திருப்பதை இன்று காலைதான் பார்த்தேன். அலைக்குள் நின்று இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாய்.

குப்பையிலிருந்து என் கையை எடுத்து, நம் இரண்டு கையும் தொடுகிற மாதிரி இரண்டு அட்டையையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். பசை காயட்டும், தொடாதே.

அம்மா

ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது. டீச்சர் கேட்டால், அம்மா வெட்டிவிட்டாள் என்றே சொல்லு.