அறுநூற்று நாற்பது

14.11.1988, திங்கள்

காலையிலிருந்து மழை. கரம்பொன் ஒழுங்கை முழுக்க வெள்ளம். அப்படியிருந்தும் ஊர்காவற்றுறை அரசாங்கக் கந்தோரிலிருந்து பியோன் கடிதக் கட்டைச் சேட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

என் கணவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை முழுதாகப் போய் இரண்டு வருடம். விரல்களுக்கு மட்டும் ரைப்றைற்றரில் எந்த எழுத்து எங்கே என்று இன்னும் தெரியும். கந்தோர்க்காரரும் இரங்கி, ஆங்கிலக் கடிதங்களை வீட்டிலிருந்தே அடித்துத் தர விட்டிருக்கிறார்கள். நான் வாசிக்க வாசிக்க இவர் அடிப்பார். அடித்ததை நான் திருப்பி வாசிக்கவேண்டும்.

இன்று விரல் ஒரு எழுத்துத் தள்ளிப்போய் ஐந்து வரி குப்பை. "எப்பிடி?" என்றார். "ஒண்டும் பிழையில்லை" என்றேன். இவர் குளிக்கக் கிணற்றடிக்குப் போனதும் ஒற்றை விரலால் முழுப் பக்கத்தையும் நானே அடித்து வைத்தேன். மாதத்தில் மூன்று நான்கு தரம் இந்தத் திருட்டு வேலை நடக்கிறது.

2.12.1988, வெள்ளி

லண்டனிலிருந்து இவருடைய தம்பி தியாகலிங்கத்தின் கடிதம். பழைய கொம்பியூற்றர் விற்கும் கடையில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அடிக்கிற ஆங்கிலத்தை வாயால் வாசித்துக் காட்டும் மெசின் இருக்கிறதாம், அண்ணைக்கு ஒன்று அனுப்பப்போகிறானாம். மெமறி எவ்வளவு வேண்டும் என்று மட்டும் எழுதட்டாம்.

மெசினுக்கு என்ன மெமறி என்று எனக்கு விளங்கவில்லை. அவனே விளக்கி எழுதியிருந்தான். கதைக்கிற புரோகிராம் முதலில் உள்ளே போய்க் குந்தவேண்டும். கடிதம் அடிக்கிற புரோகிராம் அதற்குப் பிறகு. கண் தெரிந்தவருக்குக் கதைக்கிறது தேவையில்லை, 256 என்ற அளவு தாராளம். கண் தெரியாதவர் எப்போதாவது குரலைப் பாவிக்கிறதென்றாலும் அது காணும். அடிக்க அடிக்கக் கூடவே வாசிக்கவேண்டுமென்றால் 640 வேண்டும். கடையில் இரண்டு விதமும் நிற்கிறது.

மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரம் சிரித்தார். இவர் பல்லைக் கண்டு எவ்வளவு காலம்.

3.12.1988, சனி

பதில் சொன்னார், எழுதினேன்.

"ஒரு அறைக்குள்ள ரண்டு குடும்பம் இருக்கிற மாதிரி. இடம் காணாட்டி ஒண்டு வெளியிலதான் நிக்கவேணும். அறுநூற்று நாப்பது எண்டு எழுதும். வடிவா எழுதும்."

நான் 256 என்று எழுதினேன்.

திருப்பி வாசிக்கச் சொன்னார். அறுநூற்று நாற்பது என்று வாசித்தேன். குரல் நடுங்கக்கூட இல்லை. இரண்டு வருடப் பழக்கம்.

ஏன் அப்பிடி எழுதினனான்? தெரியேல்லை. பொய், தெரியும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பார்வையோடு இவருடைய பேச்சும் குறைந்துவிட்டது. பகல் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியபடி இருப்பார். நாலு மணிக்கு மட்டும் கதிரையை என் பக்கம் இழுத்து, காதை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து ஆறு மணி வரை கேட்பார். அந்த இரண்டு மணித்தியாலம் எனக்கு. அதை ஒரு பெட்டிக்குத் தூக்கிக் கொடுக்க என்னால் ஏலாது.

5.12.1988

தபாலில் போட்டாயிற்று.

19.1.1989, வியாழன்

புதிய அதிகாரி வந்திருக்கிறார். கந்தோர்ப் பேப்பரை வெளியாள் வாசிக்கக்கூடாதாம். மே மாதத்திலிருந்து இவர் கந்தோருக்கு வந்து அதிகாரி சொல்லச் சொல்ல, பிழை பார்க்க ஒருவர் துணையுமில்லாமல் அடித்துக் காட்டவேண்டும். முடியாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் அழத் தொடங்கிவிட்டேன். இவர் கலங்கவேயில்லை. "மெசின் வருகுதெல்லோ மீனாம்பிகை. அதைக் கந்தோர் மேசையில வைச்சா எனக்கு ஒருத்தரும் தேவையில்லை" என்றார்.

ஒருத்தரும் தேவையில்லை.

21.1.1989

தியாகலிங்கத்துக்கு உண்மையை எழுதினேன். "தம்பி, இலக்கம் பிழை, 640 தான் வேணும்." உறையில் போட்டு ஒட்டினேன். எப்படிப் பிழைத்தது என்று அவன் கேட்டால்? இவரிடமே கேட்டால்? நாளைக்குப் போடலாம்.

28.1.1989, சனி

அந்தக் கடிதத்தை நான் இன்னும் போடவில்லை. இன்று கொழும்பிலிருந்து என் அத்தான் குலசிங்கத்தின் கடிதம். லண்டனிலிருந்து கலியாணத்துக்கு வந்த ஒருவரோடு பெட்டி வந்து அவருடைய கடையில் இறங்கிவிட்டதாம். ஒட்டிய உறையை இந்த நாட்குறிப்புக் கொப்பிக்குள் செருகி வைத்திருக்கிறேன்.

9.4.1989, ஞாயிறு

குலசிங்கம் அத்தான் நேற்று லொறியில் பெட்டியோடு வந்தார். வழியில் இந்திய ஆமி இரண்டு இடத்தில் இறக்கி, திறந்து, வயர்களைக் கண்டு துவக்கை நீட்டியிருக்கிறது. "கண் தெரியாத ஆளுக்குக் கதைக்கிற பெட்டி எண்டு சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டு போச்சு" என்றார். கொழும்பில் ஒருவரிடம் எப்படிப் போடுவது என்று பழகிக்கொண்டும் வந்திருக்கிறார்.

முதலில் கதைக்கிற புரோகிராமைப் போட்டார். இவர் ஒவ்வொரு எழுத்தாக அமத்தினார். மூக்கடைத்தவன் மாதிரி ஒரு குரல் அதை அப்படியே சொன்னது. பிறகு 'கரம்பொன்' என்று ஆங்கிலத்தில் அடித்தார். அது 'கா-ராம்-பான்' என்றது. இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருப்பித் திருப்பி அடித்தார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. உண்மையை எழுதத்தானே கொப்பி.

அதன் பிறகு கடிதம் அடிக்கிற புரோகிராமைப் போட்டார் அத்தான். மெசின் ஏற்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. "என்னவாம்?" என்றார் இவர். நான்தான் வாசிக்கவேண்டியிருந்தது. மெமறி காணாதாம்.

ஒன்றைக் கழற்றினால்தான் மற்றது போகும். அடிக்கலாம், கேட்க ஏலாது. கேட்கலாம், கடிதம் அடிக்க ஏலாது. ஆறு தரம் போட்டுப் பார்த்தார்கள். அத்தான் பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்து, "256 எண்டு போட்டிருக்கு" என்றார்.

இவர் கையை மெசினிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி ஏமாத்திப்போட்டான்" என்றார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும்.

3.5.1989, புதன்

கந்தோரில் மூன்று பேருக்கு முன்னால் ரைப்றைற்றரில் ஒரு பக்கம் அடித்துக் காட்டினார். எட்டாம் வரியில் விரல் தள்ளிப்போய்விட்டது. அது தெரியாமல் கடைசி வரை அடித்திருக்கிறார். அதிகாரி ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினாராம். இனி வேலைக்கு வரவேண்டாமாம்.

வீட்டு வாசலில் நின்று கேட்டார். "நீர் ரண்டு வருசமா ஒண்டும் பிழையில்லை எண்டெல்லோ சொன்னனீர்?"

"பிழையில்லைத்தான். இண்டைக்குப் பதட்டமாக்கும்" என்றேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய்.

22.7.1989, சனி

தியாகலிங்கத்தின் மூன்றாவது கடிதம். "அண்ணை ஏன் ஒரு வரியும் எழுதவில்லை? மெசின் சரியோ? கேட்டபடிதானே அனுப்பினேன்?" கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு வாசித்தேன்.

"பதில் போடவேண்டாம். எனக்குத் தம்பி இல்லை" என்றார்.

நாலு மணி ஆகிறது. கதிரை சுவரோரம் கிடக்கிறது. வாசிக்க ஒரு கடிதமும் இல்லை. எதைப் பிடித்து வைக்க 256 என்று எழுதினேனோ அது முதலில் போனது.

20.6.1990, புதன்

திரும்பவும் சண்டை. கரண்ட் இல்லை. இனி வரும் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. மெசினை என் பழைய சேலையால் மூடிக் கட்டினேன்.

25.8.1990, சனி

இலங்கை ஆமி தீவில் இறங்கிவிட்டது. இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வேலணை வரை நடந்து, அராலித்துறையில் வள்ளம் ஏறினோம். ஒரு பை, இந்தக் கொப்பி, இரண்டு சேலை. மெசினும் ரைப்றைற்றரும் வீட்டோடு.

10.9.1990, திங்கள்

வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறைக்கு நாலு குடும்பம், நடுவில் சேலைதான் மறைப்பு. பக்கத்து மறைப்பில் நயினாதீவு நாகபூசணி அக்கா, படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

இவருக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கொழும்புக்குப் போனால் மருந்து எடுக்கலாம். தம்பிக்கு ஒரு வரி எழுதினால் ஓடி வந்து செய்வானே என்று அக்கா சொன்னார். "அவனிட்டக் கேக்கிறதிலும் பாக்க இதிலையே கிடந்து சாகலாம்" என்றார் இவர். "நம்ப வைச்சுக் கழுத்தறுத்தவன் அவன்."

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. சொன்னேன். 640 என்று சொன்னதை 256 என்று எழுதியதை, போடாத கடிதத்தை, கிணற்றடிக்கு அனுப்பிவிட்டுத் திருத்திய பக்கங்களை. ஏன் என்றும் சொன்னேன்.

என்னைக் கை நீட்டி அடிக்கமாட்டாரோ என்று பார்த்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரியான மெசின் வந்திருந்தாலும் நான் கதிரையை உம்மட பக்கத்திலயிருந்து அங்காலை இழுத்திருக்கமாட்டன்" என்றார். அவ்வளவுதான்.

16.9.1990, ஞாயிறு

நாளை கொழும்புக்குப் போகிற ஒருவர் கடிதம் கொண்டுபோய்ப் போடுவாராம். இவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"தம்பி, மெசின்ரை இலக்கத்தைப் பிழையாச் சொன்னது நான்தான். கேட்டபடிதான் நீ அனுப்பினனீ. உன்னிலை கோவிச்சது என்ரை பிழை."

பேனையை நிறுத்தினேன். "நீங்களில்லை, நான்தான் எண்டு எழுதட்டோ?"

"சொன்னதை எழுதும்."

எழுதி முடித்தேன். வாசிக்கட்டோ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். சுவரைத் தடவிக்கொண்டு மறைப்புச் சேலைக்கு அந்தப் பக்கம் போனார்.

"நாகபூசணி அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

அக்கா வாசித்தார். இந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். சொன்னது சொன்னபடி இருந்தது.

"ஓம், அப்பிடித்தான்" என்றார் இவர். "நீங்களே ஒட்டுங்கோ அக்கா."